மாவு அமுங்குச்சு, முடி பொங்குச்சு

பஞ்சவர்ணத்தோட முடி பொங்குன அன்னைக்கு எங்க காம்பவுண்டுல குழாய்த்தண்ணி வந்திருந்துச்சு, அதனால முதல்ல யாரும் அதைக் கண்டுக்கல. ரொம்ப நாளா எட்டிப் பார்க்காத தண்ணி. குடத்தைப் போட்டவ போட்டபடி, சேலையைச் சொருகுனவ சொருகுனபடி, ஒருத்தி வாயை ஒருத்தி கிழிச்சுக்கிட்டு நிக்கிறோம், அந்த நேரம் பார்த்து அவ கதவைத் தொறந்துக்கிட்டு வெளிய வர்றா, தலையில சுத்தியிருந்த ஈரிழைத் துண்டு தலைக்கு மேல ஒரு முழம் தள்ளி அந்தரத்துல உக்காந்திருக்கு, துண்டுக்கும் தலைக்கும் நடுவுல கன்னங்கரேல்னு ஒரு மழை மேகம். மேகம் நிலைப்படியில இடிச்சுச்சு, லேசா அமுங்குச்சு, வெளிய வந்ததும் புசுக்குன்னு பழையபடி எந்திரிச்சு நின்னுக்கிருச்சு.

"தலையில எதை வேணாலும் தூக்கிக்கிட்டு வா, குடம் மட்டும் வரிசையிலதான் வரணும்"னு சொல்லிட்டு ஜெயமேரி அக்கா திரும்பிக்கிருச்சு. கடைசி வீட்டுக்காரி அந்தக்கா. தண்ணி விசயத்துல பாவ மன்னிப்பே கெடையாது.

தண்ணி நின்னதுக்கப்புறந்தான் எல்லாரும் நிமிந்து பார்த்தோம். பார்த்து என்ன செய்ய? பால் பொங்குது, சோறு பொங்குது, கார்ப்பரேசன் சாக்கடை மாசத்துக்கு ரெண்டு தடவை பொங்குது. "முடி பொங்கிருச்சுடி"ன்னு ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கிட்டோம், வீட்டுக்குப் போயி உலை வச்சோம். ஆச்சரியம் என்னன்னா, முடி பொங்குனதுல ஒண்ணும் ஆச்சரியமில்ல, பொங்குனது பஞ்சவர்ணம் முடிங்கிறதுதான்.

மதுரையில பொறந்த பொம்பளைக்கு மூக்கு சப்பையா இருக்கலாம், பல்லு வாசலுக்கு வந்து நிக்கலாம், புருசன்கூட சுமாரா வாய்க்கலாம், ஆனா தலையில மல்லி நிக்கணும். நிக்கலேன்னா அவ எந்த ஊருக்காரின்னு ஒரு சந்தேகம் வந்துரும். பஞ்சவர்ணம் முடி நீளந்தான், இல்லேன்னு சொல்ல முடியாது, ஆனா எண்ணெ வச்சா கோடு போட்ட மாதிரி இருக்கும், எண்ணெ வைக்கலேன்னா போட்ட கோட்டை அழிச்ச மாதிரி இருக்கும். ரப்பர் பேண்டை சுத்திக்கிட்டே இருப்பா, அது முடிஞ்சா முடி தெரியாது, முடி தெரிஞ்சா பேண்டு நிக்காது. கால் முழம் மல்லி வச்சா அது வழுக்கிக்கிட்டு வந்து முதுகுல கொஞ்ச நேரம் ரெஸ்ட் எடுத்துட்டு, அப்புறம் ரோட்டுக்குப் போயிரும். அவ நடந்து போன பாதையைக் கண்டுபிடிக்கணும்னா பூவைப் பொறுக்கிக்கிட்டே போனாப் போதும்.

அதைக்கூட அவ பொறுத்துக்கிட்டா. அவளோட மதினி, அதாவது புருசனோட அக்கா சொர்ணவல்லி, புதுவீடு கட்டிப் பால் காய்ச்சுன அன்னைக்கு நடந்ததுதான் அவளால பொறுக்க முடியல. சொர்ணவல்லிக்கு முடி அம்மிக்கல்லு கணக்கா. கொண்டை போட்டா பின்னாடி இன்னொரு தலை வச்ச மாதிரி இருக்கும். அந்த விசேசத்துக்கு பஞ்சவர்ணம் சவுரி வச்சு, சவுரிக்கு மேல மூணு முழம் மல்லி வச்சு, கழுத்தைத் திருப்பாம முழு உடம்பையும் திருப்பித் திருப்பி எல்லார்கிட்டயும் பேசிக்கிட்டிருந்தவ, பந்தியில யாரோ "சாம்பார்"னு கேட்டதும் மறந்துபோயி குனிஞ்சுட்டா. சவுரி, பூ, ஊக்கு எல்லாம் சேந்து வாளிக்குள்ள தொபுக்குன்னு விழுந்துச்சு. சொந்தக்காரங்க சிரிச்சிருந்தாக்கூட பரவாயில்ல. மைக்செட்டுக்காரன் பாட்டை நிறுத்திட்டு, "சாம்பார் வாளியில முடியோட பூ கெடக்கு, உரியவுங்க வந்து அடையாளம் சொல்லி வாங்கிக்கிருங்க"ன்னுட்டான்.

அதுலருந்து அந்தச் சாதி சனத்துக்கு அவ பேரு சாம்பார்ப்பூ.

இனி செத்தாலும் சவுரி வைக்கிறதில்லன்னு அன்னைக்கே சொன்னா. அதுக்கு ஏத்தாப்புல சொர்ணவல்லி மக நிவேதா பெரியமனுசி ஆனா, தையில சடங்குன்னு முடிவாச்சு. பஞ்சவர்ணம் புருசன் தவசிதான் தாய்மாமன். தாய்மாமன் சீர்னா சும்மாவா? வேட்டுப் போட்டு, மேளம் வச்சு, தாம்பாளம் வரிசை கட்டி வரும், அதுல முதல் தாம்பாளத்தைத் தாய்மாமன் பொண்டாட்டிதான் ஏந்திக்கிட்டு வரணும், மண்டபமே வாசலைப் பார்த்து நிக்கும். "அன்னைக்கு என் சொந்த முடியில பூ வச்சுக்கிட்டுப் போகணும், அது விழுகாம நிக்கணும், அம்புட்டுத்தான், அதுக்கப்புறம் மொட்டைகூட அடிச்சுக்கிறேன்"னா.

அம்புட்டுத்தான்னு சொன்னதுக்கு அவ பட்ட பாடு இருக்கே. முட்டை வெள்ளைக்கருவை அடிச்சுப் பூசுனா முடி உப்பும்னு யாரோ சொன்னாங்க, பூசுனா, குளிருதேன்னு வெந்நிய ஊத்தி அலசிட்டா, தலையில ஆம்லெட்டு ஆகிப்போயி ஜெயமேரி அக்கா உக்காந்து சீப்புல சுரண்டி எடுத்துச்சு. கஞ்சித்தண்ணி ஊத்திக் காயவச்சா, காக்கா வந்து பின்னாடியே நடந்துச்சு. ஆளிவிதையைக் கொதிக்க வச்சு வழவழன்னு தடவுனா, வகிட்டை இடமிருந்து வலத்துக்கு மாத்துனா, குனிஞ்சு முடியை முன்னாடி தொங்கவிட்டுக் காத்தாடிக்கு முன்னாடி நின்னா உப்பும்னு கேட்டு அப்படியும் நின்னா, நிமிரும்போது கிறுகிறுத்துப் போயி துணிக்கொடிக் கம்பத்துல முட்டிக்கிட்டா. ஒண்ணும் பலிக்காமலும் இல்ல. வீட்டுக்குள்ள கொஞ்சம் எந்திரிச்சு நிக்கும், தெருமுக்கு திரும்புறதுக்குள்ள படுத்துக்கிரும், அவ புருசன் மாதிரி.

தவசி அண்ணன் பெரிய சவுளிக்கடை வாசல்ல, தோள்ல சரிகை வச்ச சட்டை போட்டுக்கிட்டு, கண்ணாடிக் கதவைத் தொறந்து "வாங்கம்மா, வாங்க சார்"னு சலாம் வைக்கிற வேலை. ஊருக்கே கதவைத் தொறந்துவிடுற மனுசன் வீட்டுக்கு வந்தா, அவர் வீட்டுக் கதவைப் பஞ்சவர்ணந்தான் தொறக்கணும்.

அவளுக்கு மாவு யாவாரம். மத்தியானம் கிரைண்டர் ஓட ஆரம்பிச்சா பொழுதடைய நிக்கும். காம்பவுண்டுக்கு, தெருவுக்கு, முக்குல இட்லிக்கடை போட்டிருக்கிற சோணைமுத்து அண்ணனுக்குன்னு எல்லா வீட்டு இட்லியும் அவ மாவுதான். மாவுல என்ன இருக்கு, அரிசியும் உளுந்தும் ஒரு கை வெந்தயமும் யாரு வேணாலும் போடலாம், விசயம் கையில இருக்கு. அரைச்ச மாவுல உப்பைப் போட்டு முழங்கை வரைக்கும் கையை விட்டுக் கலக்குவா, கலக்கி முடிச்சதும் பிள்ளை முதுகைத் தட்டுற மாதிரி மேல ரெண்டு தட்டு தட்டி, "பொங்கி வா ஆத்தா"ம்பா. விடியுறதுக்குள்ள மாவு மூடியைத் தள்ளிவிட்டுட்டு எங்களை எழுப்பும். கரண்டியை விட்டுக் கலக்குனவளுக மாவெல்லாம் கல்லு மாதிரி கெடக்கும். கைராசி, கைச்சூடு, எப்படி வேணாலும் சொல்லிக்கங்க, அவ கையில ஒரு பொங்கு இருந்துச்சு.

அதுக்கு முதல் நாள் அந்தியில என்ன ஆச்சுன்னா, செம்பருத்தி இலையும் ஊறவச்ச வெந்தயமும் அரைச்சுத் தலைக்குப் போடுவோம்னு எடுத்தவ, மாவு கலக்குறதுக்கு முன்னாடியே, மாவு ஒட்டியிருந்த கிரைண்டரைக் கழுவாம அதுலயே போட்டு அரைச்சுட்டா. அரைச்சதை வழிச்சுத் தலையில வச்சு, முழு நினைப்பும் சடங்குலயே இருந்ததால, பழக்க தோசத்துல விரலை விட்டு அடிவரைக்கும் கலக்கிட்டா. கலக்கி முடிச்சதும் உச்சந்தலையில ரெண்டு தட்டு தட்டி, "பொங்கி வா ஆத்தா"ன்னுட்டா. அலசித் துண்டைச் சுத்திட்டு, அப்புறமாத்தான் போயி மாவைக் கலக்குனா.

முடி சொன்ன பேச்சைக் கேட்டுக்கிருச்சு. வேற ஒண்ணுமில்ல.

ஒரு முடி கூடல, நல்லாக் கவனிச்சுப் பார்த்தோம், அதே முடிதான். ஆனா ஒண்ணுக்கொண்ணு ஒட்டாம, ரேசன் கடையில சண்டை போட்டுக்கிட்டவங்க மாதிரி தள்ளித் தள்ளி நிக்குது, நடுவுல பூராம் காத்து. விரலால அமுக்குனா உள்ள போகும், எடுத்தா மெதுவா எந்திரிக்கும், சுட்ட இட்லி மாதிரி இளஞ்சூடா இருக்கும். பஞ்சவர்ணம் முதல் வேலையா ஒரு முழம் மல்லி வாங்கி நட்டுக்க வச்சா. நின்னுச்சு. தலையை ஆட்டிப் பார்த்தா. நின்னுச்சு. வேகமா ஆட்டுனா, குதிச்சா, வாசல்ல நின்னு சுத்தோ சுத்துன்னு சுத்துனா, சாமி வந்துருச்சுன்னு நெனச்சு ரெண்டாவது வீட்டுக்காரி திருநீற்றுத் தட்டோட ஓடி வந்து கால்ல விழுந்து, தன் மகனுக்கு எப்ப வேலை கிடைக்கும்னு கேட்டுட்டா. "பூ நிக்குதுடி"ன்னு பதில் வந்துச்சு. அதையே நல்ல வாக்கா எடுத்துக்கிட்டு அவளும் போயிட்டா.

ஒரு வாரத்துல அந்த முடி எங்க காம்பவுண்டுல ஒரு ஆள் கணக்கா ஆயிருச்சு. காலையில பொங்கும், பகல்ல நிக்கும், பொழுதடைய லேசாப் புளிச்ச வாசம் வரும், அப்ப அலசிட்டு மறுபடி கலக்கணும். பனி விழுந்தா எந்திரிக்க நேரமாகும், அவ அடுப்புப் பக்கத்துல தலையைக் கொண்டுபோயி உக்காந்துக்கிருவா. வெயில் அடிச்சா வழியும், காதுக்கு ரெண்டு பக்கமும் கையை வச்சுத் தாங்கிப் பிடிச்சுக்குவா. மினிபஸ் கண்டக்டர் ஒருநாள் மேலயும் கீழயும் பார்த்துட்டு, "அக்காவுக்கு ஒண்ணு, கொண்டைக்கு ஒரு அரை டிக்கெட்"னான். "கொண்டை நின்னுக்கிட்டுத்தான்டா வருது, சீட்டு கேக்கல"ன்னா பஞ்சவர்ணம். வெளியூர்க்காரன் ஒருத்தன் இது டோப்பாவான்னு கேட்டதுக்கு பஸ்ஸே திரும்பி, "எங்கூரு முடிய்யா"ன்னு சண்டைக்குப் போயிருச்சு. நாங்களும் சும்மா இருக்கல, வரிசையா உக்காந்து எங்க தலைக்கும் கலக்கி விடச் சொன்னோம். கலக்குனா, தட்டுனா, "பொங்கி வா ஆத்தா"ன்னா. எங்களுக்குச் சளிதான் பிடிச்சுச்சு.

எல்லாம் நல்லாத்தான் போச்சு, இட்லி மட்டும் அமுங்கிப் போச்சு.

முதல் நாள் உளுந்து சரியில்லன்னு நெனச்சோம். மறுநாள் தண்ணி சரியில்லன்னோம். மூணாவது நாள் ஜெயமேரி அக்கா வீட்டுக்காரர் தட்டுலருந்து இட்லியை எடுத்து சன்னல் வெளிச்சத்துல பிடிச்சு, அந்தப் பக்கம் தெருவுல யாரு போறான்னு பார்த்துச் சொன்னாரு. அப்பத்தான் புரிஞ்சுச்சு. அவ கையில இருந்தது ஒரு நாளைக்கு ஒரு பொங்கு. அந்தியில முதல்ல எதைத் தொட்டுக் கலக்குதோ அது பொங்கும், ரெண்டாவது தொட்டது செத்த பல்லியாக் கெடக்கும். ஒருநாள் மாவை முதல்ல கலக்கிப் பார்த்தா, இட்லி பஞ்சு மாதிரி வந்துச்சு, முடி போட்ட கோட்டை அழிச்ச மாதிரி பழையபடி படுத்துருச்சு. அவ அன்னைக்கு முக்காடு போட்டுக்கிட்டே கிரைண்டர் கழுவுனா. மறுநாள் மறுபடி தலைதான் முதல்ல.

சோணைமுத்து அண்ணன் பஞ்சாயத்துக்கு வந்துட்டாரு, கையில ஆதாரத்துக்கு ஒரு இட்லி வேற.

"ஏம்மா பஞ்சவர்ணம், நேத்து ஒருத்தருக்கு ரெண்டு இட்லி வச்சேன். தின்னுட்டு, தோசை நல்லாருக்கு, இட்லி எப்ப வரும்ங்கிறாரு."

"தோசைன்னே வித்துற வேண்டியதுதானேண்ணே."

"போர்டுல இட்லிக்கடைன்னு எழுதிருக்கேம்மா!"

"போர்டை அழிச்சு எழுதலாம்ணே. என் தலையை அழிச்சு எழுத முடியுமா?"

குழாயடியே ரெண்டாப் பிரிஞ்சுச்சு. பொம்பளை ஒருத்தி ஆசைப்பட்டு முடியைப் பொங்க வச்சது குத்தமான்னு ஒரு கட்சி, அது ஆசைதான், ஆனா எங்க வீட்ல காலையில தட்டு பறக்குதேன்னு ஒரு கட்சி. காலையில முதல் கட்சியில இருந்தவ, பசி எடுத்ததும் ரெண்டாவது கட்சிக்குப் போனா. சரி, நாம கையை விட்டுக் கலக்குவோம்னு நாங்களும் ஆளுக்கொரு சட்டியில கலக்கிப் பார்த்தோம். வருசக்கணக்கா அவ மாவையே வாங்கி வாங்கி எங்க கைக்கெல்லாம் அந்த வித்தை மறந்துபோச்சு. என் சட்டியில மாவு பொங்கவும் இல்ல, புளிக்கவும் இல்ல, என்னையே பார்த்துக்கிட்டுக் கெடந்துச்சு.

இப்படியே தை வந்து, சடங்குக்கு முதல் நாளும் வந்துருச்சு. அந்தியில ஆட்டோ வந்து நின்னுச்சு, அதுலருந்து முதல்ல ஒரு கொண்டை இறங்குச்சு, அப்புறம் சொர்ணவல்லி இறங்குனா. விசயம் அவ காதுக்கும் போயிருந்துச்சு. வீட்டுக்குள்ள அரைச்ச மாவு ரெண்டு அண்டாவுல உப்புப் போட்டு ரெடியா நிக்குது, பக்கத்துல ஒரு கிண்ணத்துல செம்பருத்தி வெந்தயம் ரெடியா இருக்கு, நடுவுல பஞ்சவர்ணம் முந்தானையைச் சொருகிக்கிட்டு நிக்கிறா. காம்பவுண்டே வாசல்ல அப்பிக்கிருச்சு, சோணைமுத்து அண்ணன் அடுப்பை அணைச்சுட்டு ஓடி வந்துட்டாரு.

"ஏ பஞ்சவர்ணம், நாளைக்குக் காலைப் பந்திக்குத் தாய்மாமன் வீட்டு மாவுன்னு ஊரு பூராம் சொல்லி வச்சிருக்கேன். சப்பட்டை இட்லியப் போட்டு என் மானத்தை வாங்கிறாத. கையை இப்ப அண்டாவுல விடு."

"மதினி, கை ஒண்ணுக்குத்தான் பலிக்கும்."

"தெரியும், அதான் வந்தேன். முடியை என்னைக்கு வேணாலும் பொங்க வச்சுக்கலாம். எம்மகளுக்குச் சடங்கு ஒரு தடவைதான்."

நியாயமாத்தான் இருந்துச்சு. எங்க எல்லாருக்குமே அது நியாயமாப் பட்டுச்சு, அதுதான் கேவலம். பஞ்சவர்ணம் அண்டாவைப் பார்த்தா, கிண்ணத்தைப் பார்த்தா.

"எனக்கும் ஒரு தடவையாச்சும் நிக்கணும்ல மதினி"ன்னா.

தவசி அண்ணன் கட்டில்ல படுத்த வாக்குலயே, "அக்கா சொல்றதும் சரிதானடி, ஒரு நாளைக்குத்தானே, அந்தச் சவுரியவே வச்சுக்க, குனியாம பார்த்துக்க"ன்னாரு.

அவ்வளவுதான். பஞ்சவர்ணம் திரும்புனா பாருங்க, முடி ஒரு சுத்து லேட்டாத் திரும்புச்சு.

"என் கை இன்னைக்கு என் தலைக்கு. மாவுக்குக் கை வேணும்னா, இந்த வீட்ல உங்களுக்கு ரெண்டு கை முளைச்சிருக்குல்ல? அதுல ஒண்ணை எடுத்து விடுங்க."

இத்தன நாளா உளுந்தை மாத்துனோம், தண்ணியை மாத்துனோம், எங்க கையையெல்லாம் விட்டுப் பார்த்தோம், ஆம்பளைக்கும் கை இருக்குங்கிறது ஒருத்திக்கும் தோணல பாருங்களேன்.

"எந்தம்பியா? மாவுலயா?"ன்னு சொர்ணவல்லி நெஞ்சுல கையை வச்சா. "எங்க வம்சத்துலயே ஆம்பளை அண்டாவுக்குள்ள கையை விட்டது கெடையாது!"

"என் கை ஏசிக் கைடி"ன்னு தவசி அண்ணன் கையைப் போர்வைக்குள்ள ஒளிச்சாரு. "நாள் பூராம் குளுந்து கெடக்குற கை. மாவு செத்துப்போயிரும்."

"கதவுக்கு ஏசி, கைக்குமா ஏசி?"ன்னு ஜெயமேரி அக்கா உள்ள புகுந்து போர்வையை உருவிருச்சு. "எந்திரிங்க. ஊர்ல உள்ளவளுக்கெல்லாம் சலாம் வைக்கிற கை, மாவுக்குள்ள இறங்குனா தேஞ்சா போயிரும்?"

சோணைமுத்து அண்ணன் மட்டும் மெதுவா, "விட்டுத்தான் பாரேன் மாப்ள, இதுக்கு மேல என்ன அமுங்கப் போகுது"ன்னாரு.

தவசி அண்ணன் சரிகைச் சட்டைக் கையை மடிச்சுவிட்டாரு. மடிச்சாரு, மடிச்சாரு, மடிக்கிறதுலயே விடிஞ்சுரும் போல இருந்துச்சு. அப்புறம் கண்ணை மூடிக்கிட்டு உள்ள விட்டாரு. "ஆத்தாடி, குளுருதுடி!"ன்னு கத்துனாரு. பிரசவ வார்டு வாசல்ல நிக்கிற மாதிரி நாங்க நிக்கிறோம், அவர் "இம்புட்டு போதுமா, இம்புட்டு போதுமா"ன்னு கலக்கிக்கிட்டே இருக்காரு, முழங்கைக்கு வந்துருச்சு, மூக்குல மாவு, மீசையில மாவு, அவரோட அக்கா சுவத்தைப் பார்த்துத் திரும்பி நின்னு அழுகுறா, அவர் பொண்டாட்டி அவருக்கு முதுகைக் காட்டி உக்காந்து தன் தலையை அவபாட்டுக்குக் கலக்குறா. முடிச்சதும் ரெண்டு தட்டு தட்டணும்னு நாங்க சொல்லிக் கொடுத்தோம். பழக்க தோசத்துல மாவுக்கு ஒரு சலாம் வச்சுட்டு, "வாங்கம்மா, வாங்க"ன்னுட்டாரு.

விடியக்காலம் கணகணகணன்னு ஒரு சத்தம். அண்டா மூடி உருண்டு காம்பவுண்டைச் சுத்திக்கிட்டு இருக்கு. ஓடிப்போயிப் பார்த்தா ரெண்டு அண்டாவும் வாய் தளும்ப நுரைச்சு நிக்குது, தவசி அண்ணன் கைலியைக் கையில பிடிச்சுக்கிட்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் ஓடுறாரு, "என் மாவு பொங்கிருச்சு, என் மாவு பொங்கிருச்சு"ன்னு. நேத்து வரைக்கும் அவ மாவா இருந்தது விடிஞ்சதும் இவர் மாவாயிருச்சு. கல்யாணம் ஆன நாள்லருந்து வீட்ல ஒரு துரும்பைத் தொடாமச் சேத்து வச்ச சூடு அம்புட்டும் ஒரே ராத்திரியில இறங்கிருச்சுன்னு ஜெயமேரி அக்கா விளக்கம் சொல்லிச்சு, எங்களுக்கும் அது சரியாப் பட்டுச்சு. அடுத்த வாரமே எல்லா வீட்லயும் ஆம்பளைகளை அண்டாப் பக்கம் கூட்டிக்கிட்டுப் போயி நிப்பாட்டுனது வேற விசயம்.

பஞ்சவர்ணம் குளிச்சு, பட்டுக் கட்டி, வெளிய வந்தா. அன்னைக்குப் பொங்குன மாதிரி அதுக்கு முன்னாடியும் பொங்கல, பின்னாடியும் பொங்கல. கதவுல பக்கவாட்டாத் திரும்பித்தான் வந்தா. அஞ்சு முழம் மல்லி வச்சோம், அது போதல, இன்னும் அஞ்சு முழம் வச்சோம், தூரத்துலருந்து பார்த்தா ராத்திரி வானத்துல நட்சத்திரம் மாதிரி அங்கங்க தெரிஞ்சுச்சு. வேட்டுப் போட்டாய்ங்க, மேளம் அடிச்சாய்ங்க, தாம்பாளம் கெளம்புச்சு, பின்னாடி வந்த எங்களுக்கு ரோடே தெரியல, அவ முடியைப் பார்த்துத்தான் நடந்தோம். மண்டப வாசல்ல சொர்ணவல்லி ஆரத்தித் தட்டோட நிக்கிறா, சாதி சனம் பூராம் அவ பின்னாடி நிக்குது, ஒரு கண்ணும் தாம்பாளத்துல இல்ல. யாரோ முன்ஜாக்கிரதையா சாம்பார் வாளியைத் தள்ளி வச்சதை நானே பார்த்தேன்.

பஞ்சவர்ணம் மணையில தாம்பாளத்தை வைக்கக் குனிஞ்சா. மேளக்காரன்கூட ஒரு அடி தவற விட்டுட்டான். முடி முன்னாடி சாஞ்சுச்சு, மல்லிச்சரம் அம்புட்டும் ஒரு ஆட்டம் ஆடுச்சு, நிமிந்தா, முடியும் நிமிந்துச்சு, ஒரு மொட்டுகூடக் கீழ விழுகல.

அம்புட்டுத்தான். எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க.

ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லல. பொம்பளை தலையில பூ நிக்கிறதைப் பத்தி என்னன்னு பேச? விழுந்தாத்தான் பேச்சு. பந்தியில வேற கூத்து, இட்லி கன்னுக்குட்டி மூக்கு மாதிரி மெத்து மெத்துன்னு வந்திருந்துச்சு, சனம் தவசி அண்ணனைச் சுத்திக்கிருச்சு, அவர் நடுவுல நின்னு, "மணிக்கட்டை இப்படித் திருப்பணும், அவசரப்படக் கூடாது, அது ஒரு கைப்பக்குவம்"னு பாடம் நடத்துறாரு. சாம்பார்ப்பூன்னு பேரு வச்ச ஆளுகளே மூணாவது தடவை இட்லி வாங்கிக்கிட்டு இருந்தாய்ங்க. பஞ்சவர்ணம் மேடையில தனியா ஒரு சேர்ல உக்காந்தா. இதுக்கா இம்புட்டுப் பாடுன்னு மூஞ்சியில எழுதி ஒட்டியிருந்துச்சு.

பக்கத்துச் சேர்ல நிவேதா. அம்மா முடி அப்படியே மகளுக்கு வந்திருக்கு, அந்தக் கனத்தோட பூச்சடை வேற வச்சுத் தச்சு, நெத்திச்சுட்டி, ராக்கொடின்னு ஒரு கடையையே தலையில ஏத்தி விடியலருந்து உக்கார வச்சிருக்காங்க. பிள்ளை கழுத்து ஒரு பக்கமா இறங்கிப் போயி இருக்கு.

"அத்தை, தலை விழுந்துரும் போல இருக்கு"ன்னுச்சு. பஞ்சவர்ணம் முடியைத் தொட்டுப் பார்த்துச்சு. "உங்களுக்கு வலிக்கவே இல்லையா?"

"இதுல என்னடி வலிக்க இருக்கு, பூராம் காத்து."

"நான் கொஞ்சம் சாஞ்சுக்கவா?"

"இரு, பூ குத்தும்"னு சொல்லிட்டு பஞ்சவர்ணம் கையைத் தூக்கி, பத்து முழத்தையும் அவளே ஒவ்வொண்ணா உருவி எடுத்து மடியில வச்சுக்கிட்டா. தானா விழுந்த பூ இல்ல, அவ எடுத்த பூ. "வா"ன்னா. பிள்ளை தலையைச் சாச்சுச்சு. முடி அமுங்கி எடம் விட்டு, சுத்தி வந்து மூடிக்கிருச்சு. கண்ணை மூடுன வேகத்துல பிள்ளை குறட்டை விட்டுச்சு.

பார்த்துட்டா சொர்ணவல்லி. மேடை அதிர வந்தா. "என்னடி இது, சடை கலையுது, பட்டு கசங்குது, போட்டோக்காரன் வர்ற நேரம்"னு ஆரம்பிச்சவ, மக தூங்குற மூஞ்சியைப் பார்த்து நிறுத்திட்டா. விடியலருந்து அவளும் நின்ன காலு. அந்த அம்மிக்கல்லுக் கொண்டையும் அதுக்கு மேல வச்ச பூவும் கழுத்தைப் பிடிச்சுக் கீழ இழுக்குது. மெதுவா ஒரு விரலை நீட்டி பஞ்சவர்ணம் முடியை அமுக்கிப் பார்த்தா. உள்ள போச்சு. எடுத்தா. எந்திரிச்சு வந்துச்சு. சுத்தி முத்தியும் பார்த்தா, சனம் பூராம் இட்லியில கெடந்துச்சு.

"ஏ பஞ்சவர்ணம்."

"சொல்லுங்க மதினி."

"அங்கிட்டு எடம் இருக்கா?"

"இன்னும் ஒரு கொண்டை தாங்கும். வாங்க."

சேரை இழுத்துப் போட்டு இந்தப் பக்கம் உக்காந்து, சொர்ணவல்லி தலையைச் சாச்சா. கொண்டை, பூ, காது, கம்மல் எல்லாம் உள்ள போயி காணாமப் போச்சு. நடுவுல பஞ்சவர்ணம் ராணி மாதிரி நிமிந்து உக்காந்திருக்கா, ரெண்டு பக்கமும் ரெண்டு உடம்பு தலையில்லாம. போட்டோக்காரப் பையன் வந்து கேமராவைத் தூக்குனான், இறக்குனான், மறுபடி தூக்குனான்.

"அம்மா, கொஞ்சம் தலையைத் தூக்குங்கம்மா, மூஞ்சியே தெரியல."

முடிக்குள்ளருந்து சொர்ணவல்லி குரல் வந்துச்சு.

"தூக்க முடியாது தம்பி. மூஞ்சி வேணும்னா நீயும் வந்து சாஞ்சுக்கிட்டு எடு."